அம்மாவுக்கும் ஒரு நம்பர்



உங்களில் சிலர் பெற்றோரைச் சிங்கப்பூருக்கு அழைக்கப் போவதாகச் சொன்னீர்கள். விசா, டிக்கெட், மருந்துச் சீட்டு எல்லாம் விசாரித்தீர்கள். போனைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்ததால் சொல்கிறேன்.

"வீட்ல வைஃபை இருக்கே, நம்பர் எதுக்குப்பா?" என்றான் மகன். வைஃபை வாசலோடு சரி. லிஃப்டில் இறங்கிக் கீழே போய்விட்டால் நம்மை யாரும் கூப்பிட முடியாது. அதனால் சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நம் ஆள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துகொண்டு சிம்மைக் கொடுத்தார். அங்கே ப்ரீபெய்டு சிம் என்றாலும் பதிவு கட்டாயம். ஒருவர் பெயரில் 3 வரைதான் வாங்கலாம்.

"நான் உங்க கூடத்தானே வரப்போறேன், எனக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்றார் துணைவியார். நம் வீட்டுப் பெண்கள் எல்லாச் செலவுக்கும் சொல்வதுதான். அவருக்கும் ஒன்று வாங்கினேன். ஊரிலிருந்து கொண்டுபோன பட்டன் போன் அங்கே வேலை செய்யவில்லை. 2ஜி சேவையை 2017-லும் 3ஜி சேவையை 2024-லும் அங்கே நிறுத்திவிட்டார்கள். மகனின் பழைய ஸ்மார்ட்போனில் சிம்மைப் போட்டோம்.

நான்கு நாள் கழித்து, லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் நல்ல கூட்டம். இரண்டு கையிலும் பையோடு நான் ஏறிவிட்டேன். அவர் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் முகம் நகர்ந்து போனது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் வீட்டு முகவரியும் மனப்பாடம் இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. சுரங்கத்துக்குள்ளேயே போன் அடித்தது. "ஏங்க, நான் எங்க நிக்கணும்?" "அங்கேயே உட்காரு, வந்துடறேன்." அடுத்த ஸ்டேஷன் ஃபேரர் பார்க்கில் இறங்கி, எதிர் ரயில் பிடித்துத் திரும்பினேன். பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் மதுரையில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸப்பில் விவரித்துக்கொண்டிருந்தார்!

அந்தச் சிம் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

குறித்துக்கொள்ளுங்கள்:

ஊர் சிம்மைக் கழற்றி எறிய வேண்டாம். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். புறப்படும் முன்பே ரீசார்ஜ் செய்து, வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து, கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

புது சிம் போட்டதும் நம்பரை மாற்றவா என்று வாட்ஸப் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே ஓடும்.

ஊருக்குப் போன் செய்யும்போது முன்னால் 00 போடாதீர்கள். கூட்டல் குறி போட்டு 91 அழுத்துங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 995, போலீசுக்கு 999. இவற்றோடு உங்கள் நம்பரையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதி இருவர் பையிலும் வையுங்கள்.

கடைக்கு இருவரையும் பாஸ்போர்ட்டோடு கூட்டிப்போங்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இரண்டு சிம்மாக வாங்குங்கள்.