பாவலர் ஏறிய மலை

தேவாரம் தாண்டியதும் பேருந்தின் வலப்பக்கச் சன்னலை மேற்கு மலை முழுதாக அடைத்துக்கொள்கிறது. அடுத்த ஊர் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர் என்று பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். நான் வந்தது அவருடைய அண்ணன் பாவலர் வரதராசனுக்காக.

பொதுவுடைமைக் கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் பாவலரும் தம்பிகளும் ஆர்மோனியத்தோடு போய் இறங்குவார்கள். மக்களுக்குப் பழகிய மெட்டு, அதில் கூலியும் பசியும் பேசும் புதுச் சொற்கள். இசைத்தட்டுக் கம்பெனியும் கிடையாது, அரங்கமும் கிடையாது. நியூயார்க்கின் பங்க் இசைக் குழுவான ராமோன்ஸ் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது 1976இல். பங்க் இசை என்று உலகம் கொண்டாடும், எளிய மெட்டில் கோபத்தைப் பாடும் அந்தத் துணிச்சல், அதற்கு வெகுகாலம் முன்பே கம்பம் பள்ளத்தாக்கின் தெருமுனைகளில் பாடிக்கொண்டிருந்தது என்றே நான் சொல்வேன். அதே 1976இல் இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்தபோது பாவலர் உயிரோடு இல்லை. தம்பியின் புகழில் அண்ணனின் பாட்டு மறைந்துபோனது எனக்கு ஆறாத வருத்தம்.

போடிக்குத் திரும்பி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் தேவிகுளம் ஏறினேன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. பூப்பாறைக்கு அப்பால் தேயிலைதான். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்கு வாக்குக் கேட்டு, இந்தத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளிகளிடம் பாவலர் பாடினார். ரோசம்மா வென்றார். அந்த வெற்றிக்குப் பாவலரின் பாட்டே காரணம் என்று அன்றைய கேரள முதலமைச்சர் நம்பூதிரிபாட் சொன்னதாக இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள்.

பாவலர் குழுவில் பெண் குரல் வேண்டிய இடங்களைச் சிறுவன் ராசையாதான், பின்னாளின் இளையராஜாதான், பாடினார். மகரக்கட்டு உடைந்த பிறகு அவர் கை ஆர்மோனியத்துக்குப் போனது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கீழே நின்று கேட்டார்கள். மேடையில் அவர்களுக்காக ஒலித்தது ஒரு பையனின் குரல். அந்தக் காலத்தின் வழக்கம் அது என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஒலிபெருக்கியை இந்தத் தோட்டங்களின் பெண்கள் தாங்களாகவே கையில் எடுத்தது 2015 செப்டம்பரில். மூணாறில் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துவிட்டு, ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் கோரிக்கையை வென்றார்கள். வழிநடத்தியவர்கள் தமிழ்ப் பெண்கள். அவர்கள் எழுப்பிய முழக்கங்களைப் பாவலர் கேட்டிருந்தால் அன்றிரவே மெட்டுப் போட்டிருப்பார்.

இறங்கும்போது ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்பும் ஜீப்புகள் முன்னே போயின. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் ஏறிய பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஓர் அக்காவும் தங்கையும் கிதாரோ ஆர்மோனியமோ எடுத்து, இந்த ஜீப் பயணத்தையும் தோட்டக் கூலியையும் போடியில் ஒரு மேடையேறிப் பாட வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் நான் வந்துவிடுவேன்.