பெட்டிக்குள் ஒடுங்கிய கிளை

'லிங்க் இல்லை' என்பது இலக்கணப்படி முழுமையான வாக்கியம். லிங்க் எழுவாய், இல்லை என்னும் குறிப்பு வினைமுற்று பயனிலை. ஆனால் எது அறுந்தது, எங்கே அறுந்தது, யார் சரிசெய்வார், எப்போது வரும் என்று கேட்டால் அந்த வாக்கியத்துக்குள் விடை இராது. காவிரிக் கடைமடையில் உள்ள நம் சிற்றூரின் வங்கிக் கிளையில் இவ்வாக்கியத்தைக் கேட்டு, மறுசொல் சொல்லாமல் கடப்பைக்கல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளும் முதியவர்களை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். மழை இல்லை என்று சொல்வதைப் போலவே இதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இலக்கியப் பக்கத்தில் வங்கிக் கம்பிகளைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். காரணம் நம் பழைய மாணவர் ஒருவர். இளங்கலைத் தமிழில் நம்மிடம் பயின்றவர். யாப்பில் நல்ல பயிற்சி உண்டு. தளை தட்டும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடிப்பார். தமிழ் படித்ததற்கு வேலை கிடைக்கவில்லை. தஞ்சையில் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்துவிட்டு, வங்கிக் கிளைகளின் கணினி, வலையமைப்புச் சாதனங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சேர்ந்தார். இருசக்கர வண்டியில் பதினைந்து ஆண்டுகளாக மூன்று மாவட்டங்களைச் சுற்றி வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக்கு வருவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் எர்த் பிட்டில் வந்து முடியும்.

எர்த் பிட் என்பது கிளையின் பின்புறம் தோண்டிய குழி. அதில் உப்பும் கரியும் இட்டு மின்கசிவை மண்ணுக்கு அனுப்புகிறார்கள். கோடையில் மண் காய்ந்துவிட்டால் அது வேலை செய்யாது. உள்ளே இருக்கும் சாதனங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். 'ஐயா, பாதி ரிப்பேருக்கு ரெண்டு குடம் தண்ணி போதும். ஆனா அதை ஊத்துறது யார் வேலைன்னு எந்த ஒப்பந்தத்துலயும் இல்ல' என்பார். கிளையில் கூட்டிப் பெருக்கும் அம்மையாரிடம் அவர் சொல்லிவைத்திருக்கிறார். அந்த அம்மையார் துளசிச் செடிக்கு ஊற்றுவதைப் போல அந்தக் குழிக்கும் ஊற்றி வருகிறார்.

2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. அப்படியொரு சனிக்கிழமை பழுது பார்க்கச் சென்ற அவர், மேலாளரின் இசைவுடன் நம்மையும் அழைத்துச் சென்றார். 'சர்வர் ரூம்' என்று இன்னும் பலகை தொங்கும் அறை. உள்ளே சர்வர் இல்லை. முன்பு அங்கே ஒரு சர்வர், அதற்கென்று ஒரு குளிர்சாதனம், இரண்டு யுபிஎஸ், வரிசையாகப் பாட்டரிகள், தொலைபேசிக் கம்பிக்கு ஒரு மோடம், ரூட்டர், சுவிட்ச், கூரைமேல் இருந்த கிண்ணத்தோடு இணைந்த விசாட் பெட்டி எல்லாம் இருந்தனவாம். நாம் போனபோது சுவரில் ஆளுயரத்தில் ஒரு சிறு இரும்புக் கூடு இருந்தது. அதற்குள் நம் பேரகராதி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ரூட்டர், தடுப்புச் சுவர், சுவிட்ச் மூன்றும் அந்த ஒன்றே. பின்புறம் கண்ணாடி இழைக் கம்பி ஒன்று. அது அறுந்தால் கைகொடுக்க இரண்டு செல்பேசி சிம்கள். கீழே ஒரு யுபிஎஸ். மீதமிருந்த இடத்தில் பழைய வவுச்சர் மூட்டைகளையும் உடைந்த நாற்காலி ஒன்றையும் போட்டிருந்தார்கள்.

இந்த ஒடுக்கம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ரங்கராஜன் குழு 1984இல் அளித்த அறிக்கைக்குப் பிறகே நம் பொதுத்துறை வங்கிக் கிளைகளுக்குள் இயந்திரம் பரவலாக நுழைந்தது. அப்போது வந்ததன் பெயர் 'மேம்பட்ட பேரேட்டுப் பதிவு இயந்திரம்'. கணினிதான், ஆனால் பெயரில் கணினி என்ற சொல் இல்லை. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்த காலம் அது என்பதை நினைத்துக்கொண்டால் அப்பெயரின் பணிவு விளங்கும். தொண்ணூறுகளில் ஒரு கிளையின் எல்லா வேலைகளையும் அக்கிளைக்குள்ளேயே கணினிக்கு மாற்றினார்கள். 2001 ஜனவரி முதல் நாளுக்குள் 70 விழுக்காட்டு வணிகம் கணினிக்கு வந்தாக வேண்டும் என்று மத்தியக் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் பணித்தார். ஊழலைத் தடுக்கும் பதவியிலிருந்து கணினிக்கான ஆணை வந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். பேரேட்டில் அழித்தெழுதுதலைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

அந்தத் தொண்ணூறுகளின் கிளை ஒரு சிற்றரசு. கணக்கு முழுவதும் அதன் சர்வருக்குள் இருந்தது. மாலையில் நாள்முடிப்பு ஓடும். முடிந்ததும் ஒரு நாடாவில் படியெடுப்பார்கள். தீப்பிடித்தாலும் கணக்குத் தப்ப வேண்டும் என்பதற்காக ஒரு படியைக் கிளைக்கு வெளியே வைப்பது வழக்கம். நம் ஊரில் அது தலைமைக் காசாளரின் சோற்றுப் பையில் அவர் வீட்டுக்குப் போய்வந்தது. ஓர் ஊரின் சேமிப்பு முழுவதும் எலுமிச்சஞ்சாத வாசத்தோடு மிதிவண்டியில் போன காலம் என்று நம் மாணவர் சொல்வார். அவர் அதைப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்றவர்கள் சொல்லக் கேட்டது.

பிறகு மையவங்கி முறை வந்தது. கணக்குகள் கிளைகளிலிருந்து உருவப்பட்டு ஒரு தரவு மையத்துக்குப் போயின. ஸ்டேட் வங்கி 2003 வாக்கில் தொடங்கி 2008க்குள் தன் எல்லாக் கிளைகளையும் அவ்வாறு இணைத்தது. வாடிக்கையாளர் இனிக் கிளைக்கு உரியவர் அல்லர், வங்கிக்கு உரியவர் என்றார்கள். கிளையில் மிஞ்சியது கணினித் திரைகளும் அவற்றை மையத்தோடு சேர்க்கும் சாதனங்களும்தாம். ரூட்டரையும் பாதுகாப்பையும் குரலையும் ஒரே பெட்டியில் அடக்கும் சாதனத்தை சிஸ்கோ நிறுவனம் 2004இல் கொண்டுவந்தது. மற்றவர்களும் அவ்வழியில் வந்தார்கள். ஐந்து பெட்டிக்கு ஐந்து மின்செருகி, ஐந்து ஒப்பந்தம், ஐந்து ஆள்; ஒரு பெட்டியானால் எல்லாம் ஒன்று. ஆயிரக்கணக்கான கிளைகளை வைத்திருப்பவர்களுக்கு இக்கணக்கு இனிக்கத்தானே செய்யும்?

நாம் பழமை பாடுவதாக எண்ணிவிட வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரணியம் அருகே கரை ஏறியது. தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. ஒரு கிளையில் ஓடு பறந்து மழை உள்ளே இறங்கி அந்தப் பெட்டி நனைந்துபோயிற்று. நம் மாணவர் மாற்றுப் பெட்டியைப் பாலித்தீனில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, மரம் அறுக்கும் ஆட்களோடு ஆட்களாகப் போனார். வாடகை ஜெனரேட்டரைப் போட்டு, கிண்ணத்தை மறுபடி வானத்துக்குத் திருப்பி, பெட்டியைப் பொருத்தினார். அதற்கு வேண்டிய அமைப்புகளை மையத்திலிருந்தே இறக்கிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கிளை உயிர்பெற்றது. கணக்கில் ஒரு பைசாவும் நனையவில்லை. சர்வரும் நாடாவும் அந்த அறையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம். வீடிழந்து நின்றவர்களுக்கு அன்று கையில் கிடைத்த பணம் அந்த ஒடுக்கத்தின் கொடை; அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒரு சொல். அது நோக்கும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆத்தா ஒருவர் ஆயிரம் ரூபாய் கேட்டால், அக்கேள்வி மேலே ஏறிக் கீழே இறங்க 72,000 கிலோமீட்டர். விடை திரும்பிவர இன்னொரு 72,000. ஒளியின் வேகத்திலும் இதற்கு அரை நொடி ஆகும். ஒரு பரிமாற்றத்துக்குள் இப்படிப் பல கேள்விகள், பல விடைகள். காசாளர் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருக்கும் கணங்களில் அவர் சோம்பி இருக்கவில்லை, வானத்தைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி இழை வந்த ஊர்களில் இத்தாமதம் போய்விட்டது. ஆனால் சாலைக்குப் பள்ளம் தோண்டுபவர்கள் எல்லா ஊருக்கும் வருகிறார்கள்.

இப்போது இழப்புக்கு வருவோம். கம்பி அறுந்து, சிம்மிலும் அலை இல்லாத நாளில், கிளைக்குள் பணம் இருக்கிறது, காசாளர் இருக்கிறார், நாற்பது ஆண்டுகளாக அங்கே கணக்கு வைத்திருக்கும் ஆத்தாவும் இருக்கிறார். அவரை எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஐந்நூறு ரூபாய் கொடுக்க வழியில்லை. ஏனெனில் அவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கட்டடத்துக்குத் தெரியாது. முதியோர் உதவித்தொகை எடுக்க வந்த நம் பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவர் மூன்று நாள் அலைந்தார். போக வர ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். மூன்றாம் நாள் மேலாளர் தம் சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்ததை நாமே கண்டோம். அவர் நல்லவர். ஆனால் வங்கி என்ற ஏற்பாடு, ஒரு மேலாளர் நல்லவராக இருப்பதை நம்பி நிற்கக்கூடாது.

சங்கப் பாடல்களில் கிளை என்பது சுற்றத்தைக் குறிக்கும். கிளைஞர் என்றால் உறவினர். மரத்தின் கிளையும் மனிதக் கிளையும் ஒரே சொல்லில் தங்கியிருப்பது தற்செயலன்று என்றே நமக்குத் தோன்றும். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய கடைகளைக் கருதிப் பாருங்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை கடலுக்கு அப்பால். கணக்கும் கடிதமும் கப்பலில் ஊருக்கு வரும். அதுவரை கொடுப்பதா மறுப்பதா என்பதை அங்கிருந்த மேலாள் தீர்மானிப்பார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்தவர்களுக்கு அந்த வட்டிக்கடைகளின் உலகம் பழக்கமானது. வட்டிக் கொடுமை வேறு கதை. அதை நாம் போற்றவில்லை. தொலைவில் இருந்த ஒருவனிடம் ஓரளவு முடிவுரிமையை விட்டுவைத்த அந்த ஏற்பாட்டை மட்டுமே சுட்டுகிறோம்.

இதற்குத் தொழில்நுட்பம் தடையா என்று நம் மாணவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். 'இல்லீங்கய்யா. இப்ப வர்ற பெட்டிகள்ல ஒரு சின்ன சர்வரையே உள்ள ஓட விடலாம். நேத்து ராத்திரி இருந்த இருப்பை மட்டும் பூட்டு போட்டு அதுல வச்சிருந்தா, ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் குடுத்துட்டு அப்புறம் கணக்கைச் சேத்துக்கலாம். செய்ய முடியாதுன்னு இல்ல; செய்ய மாட்டாங்க.' ஒரே ஆள் இரண்டு கிளைகளில் எடுத்துவிட்டால் என்ன செய்வது, பெட்டியைத் திருடினால் என்ன செய்வது என்ற அச்சங்கள் பொருளற்றவை அல்ல. ஆனால் இணைப்பில்லாமலே ஒரு முறைக்கு 200 ரூபாய் வரை மின்வழியில் செலுத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் வழிவிட்டது. 2023இல் அதை 500 ஆக்கியது. யார் கையிலோ இருக்கும் செல்பேசி மீது வைக்கப்படும் அந்தச் சிறு நம்பிக்கையை, இரும்புக் கதவும் எச்சரிக்கை மணியும் மேலாளரும் உள்ள ஒரு கிளையின் மீது வைக்க முடியாதென்பதை நம்மால் ஏற்க இயலவில்லை.

நம் மாணவரின் நிலைமை வேறு. பெட்டிகள் குறையக் குறைய அவருக்குப் போகவேண்டிய இடங்களும் குறைகின்றன. முன்பு வாரம் ஒருமுறை சென்ற கிளைக்கு இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பழுதை மும்பையில் அமர்ந்திருப்பவர் திரையிலேயே பார்த்துவிடுகிறார். ஒப்பந்தக்காரரிடம் அவரைப் போல நால்வர் இருந்தனர். அடுத்த நிதியாண்டில் இருவர்தாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. மகள் பத்தாம் வகுப்பு என்பதை மட்டும் இடையில் ஒருமுறை சொன்னார்.

போன மாதம் வந்தபோது கையில் ஒரு தாள். பெட்டி நின்றுவிட்டால் கிளையில் இருப்பவர்களே செய்யவேண்டியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டும்படி மேலிடத்து உத்தரவு. 'நீங்க ஒரு தடவை பாத்துக் குடுங்கய்யா' என்றார். ரூட்டருக்குத் திசைவி என்று எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் அவசரத்தில் அதைப் படிப்பவர் கூட்டிப் பெருக்கும் அம்மையாராகவும் இருக்கலாம் என்பதால் 'கறுப்புப் பெட்டி' என்று மாற்றினோம். 'மீளியக்குக' என்பது 'அணைத்து, நூறு வரை எண்ணி, மறுபடி போடவும்' ஆயிற்று. பச்சை விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா என்பதை எப்படி எழுதுவது என்று கால்மணி நேரம் பேசினோம். 'இமைக்கிறதா' என்று அவரே கண்டுபிடித்தார். எர்த் பிட்டுக்குத் தண்ணீர் என்ற ஒரு வரியை உத்தரவில் இல்லாமலே சேர்த்தார்.

தாளின் அடியில் தொடர்பு எண் எழுத இடம் விட்டிருந்தது. மையத்தின் கட்டணமில்லா எண்ணைத்தான் எழுத வேண்டுமாம். எழுதினார். பிறகு அதற்குக் கீழே, சற்றே சிறிய எழுத்தில், தம் எண்ணையும் எழுதினார்.