உம்மாவின் இடுப்பும் மச்சான் அனுப்பிய வீடியோவும்



உம்மாவின் காலைப் பற்றி விசாரித்த சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே வருத்தத்தோடு ஊரில் இன்னும் சிலர் இருப்பதால் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறோம்.

உம்மாவுக்கு 59 வயது. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார் டொக்டர். உம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அதுக்குப் பொறகு ஸுஜூது செய்ய ஏலுமா டொக்டர்?" முதல் மாதங்களில் அதிகம் குனிந்தால் மூட்டு நழுவலாம், கதிரையில்தான் தொழ வேண்டும், பிறகு பார்ப்போம் என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் உம்மா ஒபரேஷனே வேண்டாம் என்றுவிட்டார்.

அப்போதுதான் கட்டாரிலிருந்து மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். டென்னிஸ் வீரர் அன்டி மரே 2019 ஜனவரியில் இடுப்பில் 'ரிசர்ஃபேசிங்' செய்து, அதே வருடம் ஒக்டோபரில் அன்ட்வேர்ப் போட்டியில் சம்பியனானார். சாதாரண மாற்றுச் சிகிச்சையில் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்து, எலும்புக்குள் ஒரு தண்டை இறக்கி, அதன்மேல் குண்டைப் பொருத்துவார்கள். ரிசர்ஃபேசிங்கில் தலையை வெட்டுவதில்லை. மேலால் சீவி உலோகத் தொப்பி போடுவார்கள். குண்டு பெரிதாக இருப்பதால் இலகுவில் நழுவாது. எலும்பும் மிச்சம், ஸுஜூதும் மிச்சம்! இந்தியாவுக்குக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தோம். நானா வேனை விற்கவும் தயாரானார்.

பள்ளிக்கூட லீவு வந்தது. உட்கார்ந்து வாசித்தோம். வாசிக்க வாசிக்கத்தான் பயம் வந்தது.

பேர்மிங்ஹாமில் டெரெக் மக்மின் 1997இல் கொண்டுவந்த முறை அது. தொப்பியும் உலோகம், கிண்ணமும் உலோகம். இரண்டும் உரசும்போது கோபால்ட், குரோமியம் துகள்கள் கழன்று இரத்தத்தில் கலக்கின்றன; சிலருக்கு மூட்டைச் சுற்றியுள்ள தசையே பழுதாகிறது. ஏ.எஸ்.ஆர். என்ற ஒரு வகையை 2010இல் உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தார்கள். பெரிய எலும்புள்ள, வயது குறைந்த ஆண்களுக்கு நல்ல வகைத் தொப்பிகள் நன்றாகவே நிலைக்கின்றன. மரேயின் கதை பொய்யில்லை. பெண்களுக்குத்தான் கணக்கு மாறுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டை வைத்து 2012இல் வந்த ஆய்வில், பெண்களுக்கு எந்த அளவுத் தொப்பி போட்டாலும் சாதாரண மாற்று மூட்டை விடச் சீக்கிரமே மறு ஒபரேஷன் தேவைப்பட்டது. 2015இல் பேர்மிங்ஹாம் தொப்பியைச் செய்யும் கம்பனியே, பெண்களுக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செரமிக்கில் புதிய தொப்பிகள் வந்திருக்கின்றன. இருபது வருடத்தில் அவை எப்படி இருக்கும் என்று சொல்ல இருபது வருடம் போக வேண்டும்.

பழைய முறையோ, சார்ன்லி 1962இல் உலோகக் குண்டும் பிளாஸ்டிக் கிண்ணமுமாகத் தொடங்கி வைத்தது. மாற்றிய இடுப்புகளில் நூற்றுக்கு 58 அளவில் 25 வருடம் தாங்குகின்றன என்று 2019இல் கணக்கிட்டார்கள். இப்போதைய பிளாஸ்டிக் முன்பைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது.

எங்கள் உம்மா குள்ளமான, மெலிந்த மனிசி. மரேயின் இடுப்பை அவருக்குப் போட நாங்கள் வேன் விற்கப் பார்த்திருக்கிறோம்! வீடியோவில் எங்குமே "பெண்களுக்கு" என்ற சொல் வரவில்லை. நாங்களும் தேடவில்லை. மச்சானைக் குறை சொல்லி என்ன, அவர் ஆசையில் அனுப்பினார்.

உம்மாவுக்கு விளங்கப்படுத்த இரண்டு நாள் எடுத்தது. அவரைச் சம்மதிக்க வைத்தது எங்கள் புள்ளிவிபரமல்ல. "வலியோட நிண்டு தொழக்குள்ள மனம் தொழுகையில இருக்கா?" என்று பெரிய ராத்தா கேட்டதுதான்.

சாதாரண மாற்று மூட்டுத்தான் போட்டோம். ஐந்து மாதமாகிறது. அல்ஹம்துலில்லாஹ், இரவில் உம்மா தூங்குகிறார். கிணற்றடி வரை கைத்தடியில்லாமல் போய் வருகிறார். தொழுகை இன்னும் கதிரையில்தான். அடுத்த கிளினிக் வரும் மாதம். டொக்டரிடம் கேட்க வேண்டியதை இப்போதே மூன்று தரம் எங்களிடம் ஒப்புவித்துவிட்டார். துஆ செய்யுங்கள்.