ஏழே முக்கால் சென்ட் காடு

2000ஆம் ஆண்டு மே 1 நள்ளிரவோடு அமெரிக்க அரசு ஒரு பொய்யை நிறுத்திக்கொண்டது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அதுவரை ராணுவத்துக்கு ஒரு கணக்கும் ஊராருக்கு வேறு கணக்கும் சொல்லிவந்தன. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. கருவியை வாங்கிக் கையில் வைத்திருந்தாலும் அது நம்மை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதிபர் கிளின்டன் உத்தரவால் அந்தக் கலப்படம் நின்றது. பிழை ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குச் சுருங்கியது.

இதன் அருமை, நிலம் வாங்கி விற்றவர்களுக்குச் சட்டென்று புரியும். நூறு மீட்டர் ஆரம் என்றால் தேட வேண்டிய பரப்பு ஏழே முக்கால் ஏக்கர். பத்து மீட்டர் ஆரம் என்றால் ஏழே முக்கால் சென்ட். ஏக்கர் கணக்கில் காட்டைத் துழாவ யாராலும் முடியாது. சென்ட் கணக்கில் முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சோதித்துப் பார்க்க டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகருக்கு அதிக நாள் தேவைப்படவில்லை. மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குத் தெற்கே பீவர்கிரீக் என்ற சிற்றூருக்கு அருகில், ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே மென்பொருள், வீடியோ, புத்தகம், உணவு, கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் ஜிபிஎஸ் ஆர்வலர்கள் கூடும் செய்திக் குழுவில் போட்டார். எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ என்பதுதான் விதி. ஜியோகேஷிங் என்ற விளையாட்டின் பிறப்புக் கதை இது. இன்று உலகம் முழுக்க இப்படி ஒளித்துவைத்த பெட்டிகள் 30 லட்சத்துக்கும் மேல்.

என் கல்லூரி நண்பன் போர்ட்லண்ட் பக்கம் சிப் செய்யும் தொழிலில் இருக்கிறான். வார இறுதி வந்தால் போதும், பூங்கா பூங்காவாகப் பெட்டி தேடப் போய்விடுவான். அவனைப் பார்க்கப் போனபோது, அந்த வாளி இருந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். "காட்டுறேன் மாப்ள. ஆனா நேரா அங்க போனா உனக்கு ஒண்ணும் புரியாது. முதல்ல எண் எங்கிருந்து வந்துச்சுன்னு பாரு" என்று எதிர்த்திசையில் வண்டியை விட்டான்.

நகரின் மேற்கு மலைமுகட்டில் ஸ்கைலைன் சாலையை ஒட்டி வில்லமெட் கல் என்றொரு சின்ன நினைவிடம். சாலையிலிருந்து சில நிமிட நடை. ஆரிகனின் முதல் தலைமை நில அளவையாளர் ஜான் பிரெஸ்டன் 1851 ஜூன் 4 அன்று இங்கே ஒரு தேவதாரு முளையை அடித்தார். இங்கிருந்து தெற்கு வடக்காக ஒரு கோடு, கிழக்கு மேற்காக ஒரு கோடு. ஆறு மைல் சதுரங்களாக நிலம் வகுக்கப்பட்டது. 1885இல் முளை போய்க் கல் வந்தது. இப்போது எஃகுக் குறி இருக்கிறது. "ரெண்டு ஸ்டேட்டுக்கும் இதுதான் சர்வே கல்லு. ஆரிகன்ல வாங்கினாலும் வாஷிங்டன்ல வாங்கினாலும் பத்திரத்துல எழுதுற அளவு இங்கிருந்துதான் ஆரம்பம்" என்றான் நண்பன்.

அந்தக் கோடுகள் ஓடிய நிலமெல்லாம் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம். வந்தேறிகள் பட்டா போட்டுக்கொள்வதற்காக அது எண்ணாக மாற்றப்பட்டது. எண்ணைக் கொண்டு இடத்தைச் சொந்தமாக்குவது பழைய வேலை. அதே மண்ணில் நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒருவர், யாருக்கும் எதுவும் சொந்தமாகாதபடி ஓர் எண்ணை ஊருக்குக் கொடுத்தார். நண்பன் முதலில் இங்கே கூட்டிவந்ததன் காரணம் அப்போது விளங்கியது.

அதே மலைத்தொடரின் காட்டில் அன்றைய முதல் பெட்டியைத் தேடினோம். எண்களை அவன் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தான். பாகை, பிறகு கலை, கலைக்குப் பின்னால் மூன்று தசம இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் தெற்கு வடக்கில் 1.85 மீட்டர் நகர்ந்ததாகப் பொருள். ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் நீளம். கேட்க வெகு துல்லியம். காட்டுக்குள்ளோ கதை வேறு. டக்ளஸ் ஃபிர் மரங்கள் தலைக்கு மேல் கூரை வேய்ந்திருக்கின்றன. செயற்கைக்கோளின் மெல்லிய சமிக்ஞை இலையில் தேய்ந்து, அடிமரத்தில் பட்டுத் தெறித்து, சுற்றுவழியில் வந்து சேர்கிறது. தாமதமாக வந்த சமிக்ஞையைக் கருவி கூடுதல் தூரமாகக் கணக்கிடுகிறது. ஒரே இடத்தில் நின்றால்கூடத் திரையில் ஏழு மீட்டர், பன்னிரண்டு மீட்டர், மறுபடி ஒன்பது என்று எண் தாவிக்கொண்டே இருந்தது.

"போனை உள்ள வை. இனிமே கண்ணுதான்" என்றான். இந்த ஆட்டத்தில் பழகியவர்கள் எல்லாரும் கடைசியில் செய்வது இதுதானாம். நீ ஒளிப்பதாக இருந்தால் எங்கே ஒளிப்பாய் என்று யோசிக்க வேண்டும். இயற்கைக்கு ஒவ்வாத ஒழுங்கைத் தேட வேண்டும்: வரிசையாக அடுக்கிய குச்சிகள், ஒரு பக்கம் மட்டும் பாசி இல்லாத கல். விழுந்து கிடந்த மரத்தின் அடியில், பெரணிக்குப் பின்னால், பட்டைத் துண்டுகளால் மூடியபடி ஒரு பழைய தோட்டாப் பெட்டி கிடந்தது. ராணுவம் தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டி. ரப்பர் விளிம்பு இருப்பதால் ஆரிகன் மழைக்கும் தண்ணீர் புகாது. உள்ளே பொம்மைக் கார், சாவிக்கொத்து, வெளிநாட்டு நாணயங்கள், ஒரு நோட்டு. நோட்டில் தேதியும் புனைபெயரும் எழுத வேண்டும். நண்பன் நாணயத்தை எடுத்துக்கொண்டு ஒரு பம்பரத்தை வைத்தான். சாட்டை எங்கே என்று கேட்டேன். கண்டுபிடிக்கிறவன் அதையும் தேடட்டும் என்றான்.

அடுத்து மவுண்ட் டேபர் பூங்கா. அணைந்துபோன எரிமலை மேடு ஒன்று நகருக்கு நடுவே புல்வெளியும் நடைபாதையுமாக ஆகியிருக்கிறது. இங்கே கஷ்டம் மரத்தால் வரவில்லை, மனிதர்களால் வந்தது. விவரம் தெரியாத வழிப்போக்கர்களை இவர்கள் 'மகிள்' என்கிறார்கள். ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்தது. அவர்கள் கண்ணில் பட்டால் பெட்டி காணாமல் போகும். நாய்களோடு ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, நாங்கள் செருப்பு வார் கட்டுவதும் வானம் பார்ப்பதுமாக நடித்தோம். திறந்த வெளி என்பதால் கருவி மூன்று மீட்டருக்குள் கொண்டுவிட்டது. ஆனாலும் காட்டுப் பெட்டியைவிட இதற்கு அதிக நேரம் பிடித்தது. கடைசியில் விளக்குக் கம்பத்தின் அடியில் நண்பன் ஒரு போல்ட்டைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்தது. அடியில் காந்தம், உள்ளே சுருட்டிய காகிதம்.

மதியத்துக்கு மேல் பீவர்கிரீக். பண்ணைகளும் மரங்களுமான பகுதி. சாலையோரம் மரநிழலில் 2003இல் பதித்த ஒரு பட்டயம். வாளி இல்லை. அதில் இருந்த பீன்ஸ் டப்பா ஒன்று மட்டும் பிற்பாடு கிடைத்து, ஜியோகேஷர்களின் கூட்டங்களுக்கெல்லாம் பயணம் போகிறது. சுற்றிப் பார்த்தேன். அருவி இல்லை, மலைக்காட்சி இல்லை, இடத்துக்கென்று ஒரு பெயர்கூட இல்லை. வடக்கு 45 பாகை 17.460, மேற்கு 122 பாகை 24.800. இதுதான் அதன் பெயர்.

இன்றைய விதிகளின்படி இந்த முதல் பெட்டியே செல்லாது என்று நண்பன் சிரித்தான். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. விலங்கு மோப்பம் பிடிக்கும் என்பதால் உணவு கூடாது. நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். இந்த ஒழுங்கெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. வாளியை முதலில் கண்டு பதிந்தவர் பக்கத்து மாநிலத்து வான்கூவர் நகரின் மைக் டீக். பெருகிய பெட்டிகளுக்கு அவரே பட்டியல் போட்டார். இன்றைய பெயரை மாட் ஸ்டம் அந்த மே மாதக் கடைசியில் முன்மொழிந்தார். சியாட்டிலின் ஜெரமி ஐரிஷ் செப்டம்பர் 2 அன்று இந்த ஆட்டத்துக்கான இணையதளம் தொடங்கியபோது உலகம் முழுக்க இருந்தவை 75 பெட்டிகள். மே 11 அன்று கன்சாஸ் மாநிலத்து மிங்கோவில் வைத்தது இன்றும் ஆட்டத்தில் இருக்கிறது.

ஆக, இதுதான் தோற்றுவாயா? திரும்பும் வழியில் நான் ஒரு தடை எழுப்பினேன். இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புவெளியில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இலேயே இதைச் செய்துவிட்டார். கிரான்மியர் பூல் என்ற எட்டாக் கையான இடத்தில், வந்துபோனவர்கள் தம் முகவரிச் சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஒரு பாட்டிலை வைத்தார். பிறகு பெட்டிகளும் ரப்பர் முத்திரைகளுமாகப் பெருகி, லெட்டர்பாக்ஸிங் என்று அது இன்றுவரை நடக்கிறது. பெட்டி, பதிவு, அந்நியருக்கு அந்நியர் வைத்துப்போகும் பொருள் எல்லாம் அங்கேயே உண்டு.

"அவர் வச்ச இடத்துக்குப் பேர் இருக்குல்ல?" என்று கேட்டான் நண்பன். யோசித்துப் பார்த்தால் பிளவு அங்கேதான். கிரான்மியர் பூல் எங்கே என்று ஊரில் கேட்டுக்கொண்டே போகலாம். பெரட்டின் பாட்டில், பெயர்பெற்ற இடத்தை நடந்தடைந்தவனுக்கான பரிசு. அல்மரின் வாளி இருந்ததோ கேட்டுப் போக முடியாத இடத்தில். எந்த முச்சந்தியும் எந்தப் புதரும் விலாசம் பெறலாம் என்பது 2000 மே மாதத்துக்கு முன் சாமானியருக்கு வாய்க்கவில்லை. பெட்டி வைக்கும் பழக்கம் டார்ட்மூரில் பிறந்தது. பெயரற்ற இடத்தில் வைக்கும் துணிச்சல் பீவர்கிரீக்கில்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. பிழை குறைந்ததால் பிறந்த ஆட்டம், பிழை முற்றாக ஒழிந்தால் செத்துப்போகும். கருவியே பெட்டியின் மேல் விரல் வைத்துக் காட்டிவிட்டால் அப்புறம் தேட என்ன இருக்கிறது? கருவிகளோ ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் இப்போது போல்ட்டுக்குள் காகிதம், குடைந்த ஃபிர் காய்க்குள் குப்பி, கணக்கைப் போட்டு விடுவித்தால்தான் கிடைக்கும் எண்கள். அரசு எடுத்துவிட்ட பிழையை ஆடுகிறவர்கள் தங்கள் கைவேலையால் திரும்ப உள்ளே கொண்டுவருகிறார்கள். முன்பு ராணுவம் நம்மை நம்பாமல் வைத்த தூரம் அது. இப்போது ஒருவர் இன்னொருவருக்கு ஆசையாக விட்டுவைக்கும் தூரம்.