ஜாங்கோவும் யாமும்

நூல் முழுவதையும் வாசித்து முடித்தபின் நிரலெழுதத் தொடங்குவதா, அன்றிச் சிறு வேலையொன்றைக் கையிலெடுத்து அதன் வழியே கற்பதா என்னும் வினா, பைதன் மொழியிலமைந்த ஜாங்கோ என்னும் வலைச்சட்டகத்தைப் பயிலப் புகுந்தபோது எமக்கும் எழுந்தது. யாம் இரண்டாவதையே தெரிந்தெடுத்தோம். அதன் பயனை இம்மலர் வாயிலாக இளைய மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகுமென எண்ணுகின்றோம்.

சட்டகம் என்பது யாது? வலைத்தளங்கள் பலவற்றுக்கும் பொதுவாக வேண்டப்படும் உறுப்புக்களை முன்னரே ஆக்கிவைத்திருக்கும் தொகுதியே அது. ஜாங்கோ, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரப் பத்திரிகை அலுவலகமொன்றில் அட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவரால் 2003இல் தொடங்கப்பெற்று, 2005இல் யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. தீவிபத்தில் இடக்கை விரல் இரண்டின் ஆற்றல் குன்றியும் பெருங்கலைஞராய் விளங்கிய கிற்றார் வித்தகர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. நிரலறியாதாரும் செய்திகளைப் பதிவிடத்தக்க நிருவாகப் பக்கத்தை அது தானே ஆக்கித்தருவது, பத்திரிகை அலுவலகத்திற் பிறந்ததன் பயன்.

முதல் வேலை, ஒருவரி வாழ்த்தைத் திரையிற் காட்டுதல். எம்முகவரிக்கு எச்செயற்கூறு விடையளிக்கும் என்பது தெளிந்தாற் போதும். அடுத்தது, ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சிப்பாடத்திலுள்ள வாக்கெடுப்பு. விளையாட்டுப்போலத் தோன்றும். ஆயின் இருவர் ஒரே கணத்தில் வாக்களிப்பின் யாது நிகழும்? பழைய எண்ணிக்கையை வாசித்து ஒன்றைக் கூட்டி எழுதுமாறு நிரல் அமையின், இருவர்க்கும் ஐந்தே வாசிக்கப்பட்டு, இருமுறையும் ஆறென்றே எழுதப்படும். ஒரு வாக்குக் காணாமற்போம். கூட்டும் வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படைத்தல் அதற்குப் பரிகாரம்.

பயிற்சிப்பாடத்தைப் பார்த்துத் தட்டச்சுச் செய்வோர்க்கு எல்லாம் விளங்கிவிட்டதாகவே தோன்றும். அதனை மூடிவைத்துத் தாமாக ஒன்றைச் செய்யும்போதே உண்மை வெளிப்படும். ஆதலின் ஊர் வாசிகசாலையின் இரவற் பதிவேட்டை மூன்றாம் வேலையாக மேற்கொண்டோம்.

நூற்பெயர், ஆசிரியர், இரவல் பெற்றவர், திகதி ஆகியவற்றை ஒரே அட்டவணையில் அடக்கினோம். வாசிகசாலைப் பொறுப்பாளரோ, "ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி இருந்தால், எந்தப் பிரதி வெளியே போனதென்று இது சொல்லுமோ?" எனக் கேட்டார். கணினியைத் தொட்டறியாத அவரது வினாவிலிருந்து யாம் கற்றது, எந்நூலிலும் கற்றதினும் பெரிது. நூல் வேறு, பிரதி வேறு, இரவல் வேறு. ஒரு நூலுக்குப் பல பிரதிகள். ஒரு பிரதிக்குக் காலந்தோறும் பல இரவல்கள். திரும்பிய திகதி வெறுமையாயிருப்பின், பிரதி இன்னும் வெளியிலுள்ளது. அமைப்பை அவ்வாறே விரித்தோம். முன்னர்ப் பதிந்தவற்றை அழிக்கவேண்டி நேரவில்லை. அமைப்பில் நிகழும் மாற்றம் ஒவ்வொன்றையும் எண்ணிட்ட சிறு கோப்பாக எழுதிவைத்து வரிசையாகச் செயற்படுத்தும் வசதி, 2014இல் வெளிவந்த 1.7ஆம் பதிப்புமுதல் ஜாங்கோவினுள்ளேயே உண்டு. பழைய பதிவுகளைப் புதிய அட்டவணைகளுக்கு நகர்த்தும் கட்டளையை மட்டும் யாமே எழுதிச் சேர்த்தோம்.

பொறுப்பாளர் தமது பழைய கொப்பியை இன்னும் கைவிட்டாரல்லர். மின்சாரம் நின்றால் அதுவே துணை என்கிறார், அதில் நியாயமுண்டு. அடுத்துத் தண்டப்பணம் கணக்கிடும் பகுதியை எழுதவேண்டியுள்ளது. வாசிகசாலை பூட்டியிருக்கும் நாட்களை அக்கணக்கிற் சேர்ப்பதா, விலக்குவதா என்பதை நிருவாக சபையார் இன்னும் தீர்மானிக்கவில்லை.