கையொப்பமும் மனச்சாட்சியும்

அமெரிக்க நாடகாசிரியர் ஆதர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ என்னும் நாடகத்தைச் சில ஆண்டுகளாக உயர்தர வகுப்பு மாணவருடன் படித்து வருகிறேன். நான் தமிழ் கற்பிப்பவன். அந்நாடகம் எங்கள் பாடத்திட்டத்தில் உள்ளதன்று. பாடசாலை முடிந்தபின், மாணவர் மன்றத்தில், காட்சி காட்சியாக அதனைத் தமிழில் எடுத்துக் கூறி விவாதிப்பது எங்கள் வழக்கம். பொற்கொல்லன் பொன்னை உருக்கும் மூசைக்கே ஆங்கிலத்தில் அப்பெயர். மூசையின் வெப்பத்தில் பொன்னும் மாசும் பிரிவதுபோல, இடர் வந்த வேளையில் ஓர் ஊரின் மனிதரிடமுள்ள நன்மையும் குற்றமும் பிரிந்து தெரிவதை அந்நாடகம் காட்டுகிறது.

கதை நிகழும் இடம் மசாசூசெற்ஸ் பிரதேசத்துச் சேலம் என்னும் ஊர், ஆண்டு 1692. இரவில் காட்டில் நடனமாடி அகப்பட்டுக்கொண்ட சில இளம்பெண்கள், தண்டனைக்கு அஞ்சி, ஊரிலே சூனியக்காரர் உள்ளனர் என்று பெயர் சொல்லத் தொடங்குகின்றனர். ஒரு பெயர் பத்தாகிறது, பத்து நூறாகிறது. வரலாற்றில் அவ்வாண்டு பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒரு முதியவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் உயிர் தப்பினர். பொய் சொல்ல மறுத்தவரே இறந்தனர்.

மில்லர் இந்நாடகத்தை 1953 இல் நியூயோர்க்கில் அரங்கேற்றியது வெறும் வரலாற்று ஆர்வத்தாலன்று. கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கும் வெறி அமெரிக்காவைப் பற்றியிருந்த காலம் அது. நண்பர்களின் பெயர்களைக் கூறுமாறு எழுத்தாளரும் கலைஞரும் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டனர். 1956 இல் மில்லரும் அழைக்கப்பட்டார். தம்மைப்பற்றிப் பேசினார், பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார். 1957 இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்; மேன்முறையீட்டு நீதிமன்றம் 1958 இல் அத்தீர்ப்பை நீக்கியது.

இந்நாடகத்தில் பெருங்குற்றவாளி யார் என்று ஆண்டுதோறும் மாணவரைக் கேட்பேன். ‘அபிகெயில்’ என்று பெரும்பாலோர் உடனே விடை கூறுவர். ஜோன் புரொக்டரின் மீதுள்ள ஆசையால் அவன் மனைவியைக் கொல்லத் துணிந்தவள் அவள்தானே என்பது அவர்கள் வாதம். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே கருதினேன். இன்று அவ்விடை எனக்குப் போதவில்லை. வரலாற்றிலே அபிகெயில் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி; புரொக்டர் ஏறத்தாழ அறுபது வயதினர். மில்லரே அவளைப் பதினேழு வயதினளாக உயர்த்தி, அவனை முப்பதுகளுக்கு இறக்கி, இருவருக்குமிடையில் உறவொன்றைக் கற்பித்தார். தாய் தந்தையற்ற அவள், அவன் வீட்டு வேலைக்காரி. எசமானன் அவளைச் சேர்த்துக்கொண்டான், எசமானி வெளியேற்றினாள். அவள் பொய்யுரைத்தது உண்மை. ஆயின் ஒரு வேலைக்காரப் பெண்ணின் பொய்க்குத் தூக்குமரம் நாட்டும் வலிமை எங்கிருந்து வந்தது?

அப்பொய் பலருக்குப் பயன்பட்டது. பற்னம் என்ற நிலக்காரன் அயலவனின் காணியை வாங்கக் காத்திருந்தான். பாதிரியார் பரிஸ் தம் பதவியையும் விறகுப் பங்கையும் காக்க விரும்பினார். அடியும் தூக்கும் காட்டி அச்சுறுத்தப்பட்டு முதன்முதல் ஒப்புக்கொண்டவள் ரிற்றூபா என்னும் அடிமைப் பெண். மேலோர் ஆசையும் கீழோர் அச்சமும் ஒன்றுசேர்ந்தபோதே அவ்வூரிற் பேய் பிறந்தது.

நாடகத் தலைவனும் குற்றமற்றவன் அல்லன். அவனது பிறன்மனை நாட்டத்தைப்பற்றி எல்லோரும் எழுதுவர். நான் மாணவருக்குச் சுட்டுவது வேறொன்று. தன் வேலைக்காரி மேரி வாரனை நோக்கி அவன் சவுக்கை எடுக்கிறான். பின்னர் அதே பெண், நீதிபதிகளின் முன் நின்று, உயிரைப் பணயம் வைத்து உண்மை பேசவேண்டுமென எதிர்பார்க்கிறான். அவள் நிலைகுலையும்போது நாம் அவளைக் கோழையென்கிறோம். அவளுக்கு அஞ்சக் கற்பித்தவர் யார் என்று கேட்பதில்லை.

எனினும், என்னை உறங்கவிடாதவர்கள் இவர்களல்லர். நீதிபதி டான்போத்தும் பாதிரியார் ஹேலுமே. டான்போத் கையூட்டு வாங்குபவன் அல்லன், சட்டத்தை மதிப்பவன். சிறையிலுள்ள மூன்று பெண்களின் நல்லொழுக்கத்துக்குச் சான்றாக ஊரவர் தொண்ணூற்றொரு பேர் கையொப்பமிட்டுக் கொடுத்தபோது, அவர்கள் அனைவரையும் விசாரணைக்குப் பிடித்துவரக் கட்டளையிடுகிறான். இறுதியில் அபிகெயில் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்ட செய்தி கிடைத்த பின்பும் தூக்குத்தண்டனையைத் தள்ளிப்போட மறுக்கிறான். பன்னிருவர் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டுவிட்டனர். இப்போது தயங்கினால் அவர்களது சாவைப்பற்றி ஐயம் எழும் என்பது அவன் நியாயம். தமிழ் படித்தவனுக்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நினைவுக்கு வராமலிரான். அவனும் ஆராயாது கொலைத்தண்டனை விதித்தவனே. ஆயின் தவறு தெரிந்த கணத்தில் அவனால் அரியணையில் இருக்க முடியவில்லை; உயிரையே விட்டான். டான்போத்தோ தவறு தெரிந்தபின் முன்னிலும் உறுதியாக அமர்ந்துகொள்கிறான். தவறுவது மனித இயல்பு. தவறென அறிந்தும் ஒரு நிறுவனத்தின் பெயருக்காக அதனைக் காப்பதே கொடுமை.

ஹேல் நூல்கள் பல கற்றவர். எழுபத்திரண்டு மரண ஆணைகளில் கையொப்பமிட்ட பின்பே அவருக்கு ஐயம் பிறக்கிறது. மனம் நொந்து மீண்டும் வந்து, பொய் சொல்லியாவது உயிர் பிழையுங்கள் என்று கைதிகளை மன்றாடுகிறார். புரொக்டர் ஒருமுறை இணங்கிக் கையொப்பமிடுகிறான். ஆனால் பிறர் பெயரைச் சொல்ல மறுக்கிறான். தன் பெயரைப் பொய்க்கு விற்க மனமின்றி அத்தாளையும் கிழித்துவிட்டுத் தூக்குக்குச் செல்கிறான்.

சென்ற தவணையில் இக்காட்சியைக் கூறி முடித்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “சேர், ஹேல் படித்தவர்தானே? முதல் தாளில் கையொப்பம் வைக்கும்போதே ஏன் கேட்கவில்லை?” என்றாள். நான் ஏதோ விடை சொன்னேன். அது உண்மையான விடையன்று.

உண்மையான விடை என் கையில் இருந்தது. நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, அப்போது கற்பித்த பாடசாலையில், கல்விச் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் காணாமற் போயிற்று. பதினோராந்தர மாணவன் ஒருவன்மீது சந்தேகம் விழுந்தது. அவன் எந்தக் குறிச்சியிலிருந்து வருபவன் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதனை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவனுக்கு விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்புவதெனத் தீர்மானித்து, ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தாள் சுற்றி வந்தது. எனக்கு முன் பன்னிரண்டு கையொப்பங்கள். பதின்மூன்றாவது என்னுடையது. சாதாரணதரப் பரீட்சைக்கு நான்கு மாதங்களே இருந்தன.

இரண்டு மாதங்களின் பின், காரியாலய அலுமாரியில் வேறு கணக்குத் தாள்களுக்கிடையில் அப்பணம் உறையோடு கிடந்தது. ‘பாடசாலையின் பெயர் கெட்டுவிடும், இனிப் பேசிப் பயனில்லை’ என்றனர். நானும் பேசவில்லை. கையொப்பமிட்ட நாளைவிட அந்த மௌனமே எனக்குப் பெரிய வெட்கம். முதல் நாள் நான் ஹேல்; இரண்டாம் நாள் டான்போத்.

சேலத்து வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல், 1697 இல் தேவாலயத்திற் சபையார் முன் எழுந்து நிற்க, அவரது குற்ற ஒப்புதல் உரத்து வாசிக்கப்பட்டது. 1693 இல் தண்டனை விதிக்கப்பட்டு, தூக்கிலிருந்து மட்டும் தப்பிய எலிசபெத் ஜோன்சன் என்ற பெண்ணின் பெயரிலிருந்த பழி நீங்கியதோ 2022 இல்தான். 329 ஆண்டுகள் சட்டமறிந்த பெரியோர் மறந்திருந்ததை நினைவூட்டிப் போராடியவர்கள் மசாசூசெற்ஸ் பாடசாலையொன்றின் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்தம் ஆசிரியையுமாவர்.

அடுத்த வாரம் மன்றம் கூடியபோது, நடந்ததை என் மாணவருக்குச் சொன்னேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு அதே மாணவி, “அந்த அண்ணா இப்ப எங்கே, சேர்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தேடத் தொடங்கியிருக்கிறேன். அப்பாடசாலைக்கும் ஒரு கடிதம் எழுதினேன்: அன்று இட்ட கையொப்பத்தை மீளப்பெறுகிறேன் என்றும், அம்மாணவன் குற்றமற்றவன் எனப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்றும். இதுவரை பதில் இல்லை. வராவிடில் மறுபடியும் எழுதுவேன்.