மூன்று முறை வந்த ஒரே பிழை

கோவை கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடி அறை. கீழே இரும்பு சீவும் சத்தம். மேலே மேசை மீது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. நெசவு இயந்திரத்தின் ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் கம்ப்யூட்டர் அது. அதில் ஓடும் லினக்ஸைக் கெர்னலில் தொடங்கி இந்த அறையிலேயே கட்டுகிறார்கள். நான் படியேறிப் போன மதியம் அது ஓட மறுத்திருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் இறங்கி நின்றுவிட்டன. கடைசி வரி சொன்னது இதுதான்: கெர்னல் பேனிக், விஎஃப்எஸ்: ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, தெரியாத பிளாக் (0,0).

“அக்கா, டிஸ்க் போயிருச்சுங்க. ஃபார்மேட் பண்ணிரட்டுமா?” என்றான் பையன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

“மொதல்ல கீபோர்ட்ல இருந்து கைய எடு தம்பி. அந்த நம்பர் என்ன சொல்லுது?” என்றார் அவனுக்கு வேலை கற்றுத்தரும் அக்கா.

அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்களில்தான் நோயின் முதல் அறிகுறி. அங்கே (8,2) என்றிருந்தால், சாட்டா டிஸ்கின் இரண்டாவது பார்ட்டிஷன் கெர்னல் கண்ணில் பட்டுவிட்டது, அதிலுள்ள ஃபைல் சிஸ்டத்தைத்தான் படிக்கத் தெரியவில்லை என்று பொருள். இரண்டும் பூஜ்யம் என்றால், ரூட் என்று சொன்ன இடமே அதற்குக் கிடைக்கவில்லை.

கடையில் கிடைக்கும் லினக்ஸில் இந்தத் தொல்லை அரிது. எந்த வன்பொருள் வந்தாலும் சமாளிக்க ஆயிரக்கணக்கான டிரைவர்களை அது சுமந்து வரும். கையால் கட்டுகிறவர்கள் பெட்டிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுவார்கள். சீக்கிரம் எழுந்து ஓட வேண்டும் என்பதற்காக, டிஸ்கைத் தேடித் தரும் தற்காலிகக் குட்டி ஃபைல் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் இங்கே தவிர்த்திருந்தார்கள். முழு லினக்ஸையும் மூலநிரலிலிருந்து கட்டக் கற்றுத்தரும் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ புத்தகத்தை ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கினார். இந்த அறையின் அலமாரியிலும் அதன் அச்சுப்படி ஒன்று, ஓரம் மடிந்து கிடக்கிறது.

பென் டிரைவில் இருந்த வேறொரு லினக்ஸைக் கொண்டு பெட்டியை எழுப்பினார் அக்கா. ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையோடு ‘கே’ சேர்த்துத் தட்டியதும், எந்தப் பாகத்துக்கு எந்த டிரைவர் ஓடுகிறது என்ற பட்டியல் வந்தது. டிஸ்குக்கு நேரே என்விஎம்இ. விஷயம் புரிந்துவிட்டது. போன தொகுதிப் பெட்டிகளில் இருந்தது சாட்டா டிஸ்க். இந்தத் தொகுதியில் டிஸ்க் மாறியிருக்கிறது, கெர்னல் மாறவில்லை.

பையன் கெர்னலில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ‘மெனுகான்ஃபிக்’ திறந்து என்விஎம்இக்கு நேரே ‘எம்’ போட்டான். கால் மணி நேரம் கம்பைல் ஓடியது. டீ வந்தது. மறுபடி அதே பேனிக், அதே (0,0).

‘எம்’ என்றால் மாட்யூல். அந்த மாட்யூல் கோப்பு எங்கே இருக்கிறது? திறக்க வேண்டிய அதே டிஸ்கில். “பீரோச் சாவிய பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்ட” என்று சிரித்தார் அக்கா. ‘எம்’ போய் நட்சத்திரம் வந்தது. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது.

மூன்றாம் முறையும் (0,0). பையன் முகம் வாடிவிட்டது. அக்காவின் விரலோ கடைசி வரியை விட்டுவிட்டுச் சற்று மேலே போனது. இருக்கும் பார்ட்டிஷன்களைக் கெர்னல் அங்கே பட்டியல் போட்டிருந்தது. முதல் இரண்டு முறையும் அதில் டிஸ்க் இல்லை. இப்போது இருக்கிறது.

“டிஸ்க் தெரியுது. நீ குடுத்த விலாசம்தான் தப்பு.”

கெர்னலை ஏற்றும் க்ரப்பின் அமைப்பில் ரூட்டை யுயுஐடி கொண்டு குறித்திருந்தான் பையன். டெஸ்க்டாப் லினக்ஸில் பார்த்த பழக்கம். அந்த அடையாள எண் ஃபைல் சிஸ்டத்துக்குள் எழுதப்பட்டது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. தனித்து நிற்கும் கெர்னலுக்கு அது தெரியாது. பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும் பார்ட்யுயுஐடி என்றால் தெரியும். க்ரப்பில் அதையே மாற்றி எழுதினார்கள்.

அந்தப் பிழைச் செய்தியில் வரும் ‘விஎஃப்எஸ்’ என்ற மூன்றெழுத்துக்கும் வயதாகிவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், மினிக்ஸின் ஃபைல் சிஸ்டத்தைத்தான் பயன்படுத்தியது. அதில் 64 எம்பிக்கு மேல் போக முடியாது, கோப்புப் பெயருக்கு 14 எழுத்துகள்தான். புதிய ஃபைல் சிஸ்டங்கள் எளிதாக உள்ளே வருவதற்காக, பலவற்றுக்கும் பொதுவான விஎஃப்எஸ் அடுக்கைச் சேர்த்தார்கள்; அதை முதலில் பயன்படுத்தியது 1992இல் ரெமி கார்ட் எழுதிய ‘எக்ஸ்ட்’. இந்தப் பெட்டியில் இருக்கும் எக்ஸ்ட்4 அதே வம்சம்; 2008இல் நிலைபெற்றது.

நான்காம் முறை வரிகள் நிற்காமல் ஓடின. எக்ஸ்ட்4 மவுன்ட் ஆன வரி கடந்துபோனது, லாகின் கேட்டது. பையன் கைதட்டவில்லை, மூச்சுதான் விட்டான். அக்கா நோட்டில் மூன்று முயற்சிகளையும் வரிசையாக எழுதினார், தவறியவற்றையும் சேர்த்து.

அடுத்த பெட்டியை மேசைக்கு இழுத்து, பழைய கெர்னலோடு அப்படியே ஆன் செய்யச் சொன்னார். எதிர்பார்த்தபடி பேனிக். பையனின் விரல் கடைசி வரியைத் தாண்டி, நேரே மேலேயிருந்த பட்டியலுக்குப் போனது.